உஷார்! பால்மா பைக்கற்றை நம்பிப் பசுவை விற்காதீர்கள்

மாத்தளை நகரில், உக்குவளையில், இரத்தோட்டையில், கலேவெலையில் எந்தக் கடைக்குப் போய் பால்மா கேட்டாலும் கடைக்காரரின் கை முதலில் அங்கர் பைக்கற்றுக்குத்தான் நீளும். பல வீடுகளில் பால்மாவுக்கு வேறு பெயரே கிடையாது. அந்த அங்கரை வேறு முதலாளிக்கு விற்க முடிவாகிவிட்டது.

2025 ஓகஸ்டில், அங்கரை விற்றுவந்த நியூசிலாந்தின் பொன்டெரா நிறுவனம், உலகெங்கும் தான் நடத்திவந்த நுகர்வோர் வியாபாரத்தை பிரான்ஸின் லக்டாலிஸ் நிறுவனத்துக்கு விற்க உடன்பட்டது. விலை 3.845 பில்லியன் நியூசிலாந்து டொலர். பொன்டெராவின் இலங்கை வியாபாரமும் அதில் அடக்கம். ஒக்டோபரில் பொன்டெராவின் பங்குதாரர்களான பாற்பண்ணையாளர்களிடம் வாக்கெடுத்தார்கள். 88 வீதத்துக்கு மேலான வாக்குகள் விற்பனையை ஆதரித்தன. நியூசிலாந்தின் வெளிநாட்டமைச்சர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் வெளிப்படையாக எதிர்த்தும் எடுபடவில்லை. இவ்வளவு பெரிய கைமாற்றம் முடிவாகியிருக்கிறது. நம் ஊரில் இதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எனக்குப் பயம் தருவது இந்த மௌனம்தான்.

பைக்கற் அதேபோல் இருக்கும், பாலும் பெரும்பாலும் அதே நாட்டிலிருந்துதான் வரும்; பொன்டெரா லக்டாலிஸுக்குத் தொடர்ந்து பால் வழங்கும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. பிறகு என்ன கவலை என்று கேட்பீர்கள். இதுவரை பால் கறந்தவரின் கூட்டுறவான பொன்டெராவே நம் கடை வரை வந்து விற்றது. நாம் பால்மா வாங்காமல் விட்டால் அவர்களுக்கும் நேரே அடி விழும். இனி அவர்கள் மொத்தப் பாலும் பாற்கூறுகளும் விற்பவர்கள். தொழிற்சாலைகளுக்கான புரதம், பேக்கரிகளுக்கான கிரீம், பட்டர், சீஸ் ஆகியவற்றில்தான் இலாபம் என்று கணக்குப் போட்டுத்தான் சில்லறைக் கடையிலிருந்து விலகுகிறார்கள். அவர்கள் பக்கத்தில் அது நியாயமான கணக்கு. குறை சொல்ல முடியாது. ஆனால் 400 கிராம் பைக்கற்றைக் காசு எண்ணி வாங்கும் நாம் அந்தக் கணக்கில் எங்கே நிற்கிறோம் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

நியூசிலாந்தில் சனத்தொகை ஏறத்தாழ 53 இலட்சம். கறவைப் பசுக்கள் 47 இலட்சம் அளவில். கறக்கும் பாலில் 95 வீதமளவு ஏற்றுமதியாகிறது. வெளிநாட்டுச் சந்தையை நம்பியே எழுப்பப்பட்ட தொழில் அது. அதன் பாற்பொருள்களில் மூன்றில் ஒரு பங்களவு சீனாவுக்குப் போகிறது. சீனா வாங்கினால் விலை ஏறும். சீனா தன் நாட்டுப் பாலைப் பெருக்கிக்கொண்டு கையை இழுத்தால் விலை விழும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இணையவழியில் நடக்கும் குளோபல் டெய்ரி டிரேட் ஏலத்தில்தான் முழுக்கொழுப்புப் பால்மாவின் உலக விலை தெரியவரும். 2015 ஓகஸ்டில் அங்கே ஒரு தொன் 1,600 அமெரிக்க டொலருக்கும் கீழே போனது. 2022 மார்ச்சில் 4,700 டொலரைத் தாண்டியது. மூன்று மடங்கு வித்தியாசம்! அந்த ஏலத்தில் எல்கடுவையின் தேநீர்க்கடைக்காரருக்கு ஒரு குரலும் இல்லை. விலையை மட்டும் அவர் கொடுத்தாக வேண்டும்.

2021-22ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? 2021 ஒக்டோபரில் கட்டுப்பாட்டு விலை நீக்கப்பட்டதும் 945 ரூபாவாக இருந்த ஒரு கிலோ பால்மா 1,195 ஆனது. டிசம்பரில் 1,345. 2022 மார்ச்சில் 1,945. 400 கிராம் பைக்கற் 380இலிருந்து 790க்கு ஏறியது. அரை வருடத்துக்குள் இரட்டிப்பு விலை. உலக விலை உச்சியில் நின்ற அதே மார்ச் மாதத்தில் ரூபாவும் சரிந்தது. 200 அளவில் இருந்த டொலர், மாத முடிவில் 300ஐ நெருங்கியது. இரண்டு அடியும் ஒரே முதுகில். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசே அறிவித்தது.

அந்த நாட்களில் கடை வாசலில் கேட்ட பேச்சு இப்படித்தான் இருந்தது.

"அண்ணே, பால்மா வந்திருக்கா?"

"வந்தது முடிஞ்சு போச்சு தங்கச்சி. நாளைக்கு வாங்க. ஆளுக்கு ஒண்ணுதான். கூட வேற சாமானும் எடுக்கணும்."

சவர்க்காரமோ பிஸ்கற்றோ சேர்த்து வாங்கினால்தான் பால்மா என்ற நிலை. தேநீர்க்கடைகளில் ஒரு கோப்பை பால் தேநீர் நூறு ரூபா என்று எழுதிப் போட்டார்கள். நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் தாய் பிள்ளையின் கோப்பையில் கரண்டியைக் குறைத்தாள். பிறகு பிளேன்டீயே பழக்கமானது. வளரும் பிள்ளைக்குப் பிளேன்டீ பாலாகாது.

இலங்கை தனக்குத் தேவையான பாலில் ஏறத்தாழ 40 வீதத்தைத்தான் தானே உற்பத்தி செய்கிறது. நெருக்கடிக்கு முந்திய வருடங்களில் பால்மாவுக்காக மட்டும் வருடத்துக்கு 30 கோடி டொலரளவு வெளியே போனது. டொலர் கையில் இருக்கும்போது இந்தக் கணக்கு யாருக்கும் உறுத்தவில்லை.

அடுத்த ஐந்து பத்து வருடங்களில் நியூசிலாந்துப் பால் பெருகி மலிவாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே பசுக்களின் எண்ணிக்கை 2014-15இல் 50 இலட்சத்தைத் தொட்டு, அதற்குப் பிறகு குறைந்துவிட்டது. நிலத்தடி நீரில் நைத்திரேற்று சேர்வது கன்ரபரி போன்ற பகுதிகளில் பெரிய அரசியலாகிவிட்டது. மேய்ச்சல் நிலத்துக்கு இடும் செயற்கை நைதரசனுக்கு 2021இலிருந்து ஹெக்டயருக்கு 190 கிலோ என்று வரம்பு. அங்கே இனிப் பசுவைக் கூட்ட இடமில்லை. இருக்கிற பாலைக் கூடிய விலைக்கு விற்பதே வழி. பொன்டெரா பண்ணையாளருக்குக் கொடுக்கும் விலை 2024-25 பருவத்தில் பாற்திண்மம் கிலோவுக்கு 10 நியூசிலாந்து டொலரைத் தாண்டிவிட்டது. கூடிய விலை கொடுப்பவர் பக்கம் பால் போகும். நாம் அந்த வரிசையில் பின்னால் நிற்பவர்கள்.

பாதுகாப்புப் பற்றியும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2013இல் டீசீடீ என்ற இரசாயனம் பற்றிய சர்ச்சையில் இலங்கையில் பொன்டெராவின் விற்பனை நீதிமன்றம் வரை போனது. அந்த ஓகஸ்டில் நிறுவனம் இங்கே வேலைகளைச் சில நாள் நிறுத்தியது. அதே மாதம் கிளம்பிய பொட்டுலிசப் பீதி பொய்யான எச்சரிக்கை என்று பின்னர் தெரிந்தது. லக்டாலிஸின் குழந்தைப் பால்மாவில் 2017 டிசம்பரில் சல்மொனெல்லா அகப்பட்டு, 83 நாடுகளிலிருந்து பெட்டிகளைத் திருப்பி எடுக்க வேண்டியதாயிற்று. உலகின் மிகப் பெரிய பாற்பொருள் நிறுவனம் என்ற பெயர் ஒரு குழந்தையின் வயிற்றைக் காக்காது. நம் சோதனைக் கூடங்கள்தான் காக்க வேண்டும்.

பால்மாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி இந்த மலைப் பாதைகளைப் பிளந்துபோட்டபோது, பால் வண்டி வர முடியாத இடங்களில் கெடாமல் இருந்தது பைக்கற்றுத்தான். அவசரத்துக்கு அது வேண்டும். அன்றாடத்துக்கும் அதையே நம்புவதுதான் ஆபத்து.

இப்போது சொல்லப்போவதை மாடு வைத்திருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். உலக விலை விழும் வருடத்தில் பால்மா மலியும். உள்ளூர்ப் பாலுக்குக் கொடுக்கும் விலை உயராது, சேகரிப்பவர் முகம் கொடுக்கமாட்டார், புண்ணாக்கு விலை மட்டும் இறங்காது. அப்போதுதான் மாட்டு வியாபாரி கொட்டகை வாசலில் வந்து நிற்பார். கையில் ரொக்கத்தோடு வருவார். பசுவும் போகும், கிடாரியும் போகும். மறுவருடம் உலக விலை ஏறியதும் பால் தேடி எல்லோரும் ஓடி வருவார்கள். கொடுக்கப் பசு இருக்காது. இன்று பிறக்கும் கிடாரிக் கன்று பால் தர இரண்டரை, மூன்று வருடம் ஆகும். ஏலத்தில் விலை மாற இரண்டு வாரம் போதும். இந்த இரண்டு கணக்கும் ஒருநாளும் சேராது. ஆகவே விற்றே தீர வேண்டுமென்றால் காளைக் கன்றை விற்றுவிடுங்கள். கறவைக்கு வரப்போகும் கிடாரியை விடாதீர்கள்.

கப்பலில் பசு கொண்டுவந்து எல்லாவற்றையும் தீர்க்கிறோம் என்று யாராவது மறுபடி சொன்னால், அங்கேயும் உஷார். அவுஸ்திரேலிய நிறுவனமொன்றிடம் 20,000 சினைக் கிடாரிகளுக்கு ஒப்பந்தம் போட்டு, 2017இல் முதல் 5,000 வந்தன. குளிர் நாட்டு இனங்கள். நமது வெயிலும் நமது தீவனமும் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பல செத்தன, பல சினை பிடிக்கவில்லை, சொன்ன பால் வரவில்லை. வங்கிக் கடன் மட்டும் சொன்னபடி வந்து நின்றது. எஞ்சிய 15,000 வந்து சேரவில்லை. நியூசிலாந்தோ 2023 ஏப்ரல் 30இலிருந்து உயிருள்ள மாடுகளைக் கடல் வழியே அனுப்புவதையே சட்டத்தால் நிறுத்திவிட்டது. குண்டசாலை நிலையத்தின் விந்து கொண்டு, உள்ளூர்ப் பசுவில் செயற்கை முறையில் சினைப்படுத்தி, இந்த வெயில் தாங்கும் கலப்புக் கிடாரிகளை வளர்ப்பது மெதுவான வழிதான். ஆனால் அந்தக் கிடாரி நம் கொட்டகையில் உயிரோடு நிற்கும்.

தீவனம் இல்லையே என்பார்கள். மாத்தளையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது பாவம். மிளகுக் கொடி ஏறி நிற்கும் கிளிரிசீடியா மரத்தைப் பாருங்கள். வருடத்தில் சில தடவை நிழலுக்காகக் கிளை கழித்து, இலையை அடியிலேயே போடுகிறோம். அந்த இலையின் உலர்நிறையில் 20 வீதத்துக்கு மேல் புரதம். 2005இலேயே அதை நாலாவது பெருந்தோட்டப் பயிரென்று அரசு அறிவித்தது. பசுவுக்கு அதன் வாடை முதலில் பிடிக்காது, முகத்தைத் திருப்பும். அறுத்த இலையைச் சில மணி நேரம் வாடவிட்டு, கினிப் புல்லோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுத்தால் இரண்டொரு கிழமையில் தேடித் தின்னும். கோயம்புத்தூரில் உருவான கோ-3 புல்லும் இங்கே நன்றாக வளர்கிறது. முழுக்கத் தீவன மூடையை நம்பியிருந்தவர்கள் 2021 உரத்தடையில் என்ன பட்டார்கள் என்று தெரியும். சோளம் விழுந்தது, தீவன விலை ஏறியது, மடி வற்றியது.

தோட்டப் பகுதிகளில் இன்னொரு முடிச்சு இருக்கிறது; அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. கந்தேநுவரையிலோ எல்கடுவையிலோ லயத்தில் இருக்கும் குடும்பத்துக்கு மாட்டுக் கொட்டகை போடச் சொந்தமாக ஓரடி நிலமில்லை. உறுதி இல்லை, ஆகவே வங்கியில் கடனும் இல்லை. தோட்டத் துரை மாறினால் கொட்டகையும் போகலாம். பால் உற்பத்தியைக் கூட்டுவோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் குடும்பங்களுக்குக் கொட்டகைக்கும் புல்லுக்கும் எழுத்தில் நிலம் கொடுக்காமல் பேசுவது வீண். மாவட்டத்தின் மறுகோடியில், வில்கமுவையிலும் தம்புள்ளைப் பக்கத்திலும், மேய்ச்சல் தரை சுருங்கிக்கொண்டே வருகிறது. அங்குள்ள எருமைத் தயிர்ச் சட்டிகளும் அந்தத் தரையை நம்பித்தான் இருக்கின்றன.

பொன்டெரா இங்கே உள்ளூர்ப் பாலும் வாங்கிவந்த நிறுவனம். அதற்குப் பால் கொடுப்பவர்கள் இப்போதே சேகரிப்பு நிலையத்தில் கேளுங்கள்: விலைச் சூத்திரம் மாறுமா, வண்டி தொடர்ந்து வருமா, பணம் எத்தனை நாளில்? வாய்ப்பேச்சோடு விடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். மில்கோவுக்கோ வேறு யாருக்கோ கொடுப்பவர்களும் கொழுப்பு வீதமும் திண்ம வீதமும் எழுதிய துண்டை நாள்தோறும் வாங்கி வையுங்கள். லீற்றர் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். காசு வருவது அந்த இரண்டு எண்ணிலும்தான். முடியுமானால் ஒருவரையே நம்பாமல் பத்து வீட்டார் சேர்ந்து ஒரு குளிரூட்டித் தாங்கிக்கு மனுப் போடுங்கள். மாலைப் பால் கெடாமல் நின்றால்தான் விலை பேச உங்களுக்குப் பலம் வரும். கால்வாய் நோய்க்கும், 2020இலிருந்து நாட்டில் பரவியிருக்கும் தோல் கழலை நோய்க்கும் தடுப்பூசி போட மிருக வைத்தியர் அலுவலகத்தில் பெயரைப் பதியுங்கள். மாடு படுத்த பிறகு ஓடிப் பயனில்லை.

மாடு இல்லாத வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் லயத்திலோ தெருவிலோ யாராவது பசு வைத்திருந்தால், கிழமையில் சில நாளாவது அவரிடம் பால் வாங்குங்கள். நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பால்மா மலிவாக இருக்கும் வருடத்திலும் வாங்குங்கள். அந்த வருடத்தில்தான் அவருக்கு உங்கள் காசு தேவை.