அழிக்க 23 நிமிடம், மீட்க 14 நாள்

2022 ஏப்ரல் 5, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரம் பிற்பகல் 1:08. சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட அட்லாசியன் நிறுவனத்தில், முன்கூட்டியே திட்டமிட்ட ஒரு பராமரிப்பு வேலை தொடங்கியது. அந்நிறுவனத்தின் ஜிராவை நம் ஊர் ஐ.டி. ஊழியர்கள் நன்றாக அறிவார்கள். யாருக்கு என்ன வேலை, எது முடிந்தது, எது பாக்கி என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதனுடன் சேர்ந்து இயங்கிய 'இன்சைட்' என்ற செயலியின் வசதிகள் ஜிராவுக்குள்ளேயே வந்துவிட்டதால், பழைய செயலியை நீக்க ஒரு சிறு நிரலை ஓடவிட்டார்கள். 1:31க்குள் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் முழுதாக அழிந்திருந்தன.

நீக்கச் சொன்ன குழு, நீக்கும் குழுவிடம் செயலியின் அடையாள எண்களைத் தந்திருக்க வேண்டும். தந்ததோ தளங்களின் எண்களை. நீக்கும் கருவி இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். செயலி எண் வந்தால் செயலியை நீக்கும். தள எண் வந்தால் தளத்தையே நீக்கிவிடும். 'முழுத் தளமும் போய்விடும், சரியா?' என்று அது கேட்கவில்லை.

சோதிக்காமலா ஓட்டினார்கள்? சோதித்தார்கள். என்னை உலுக்கிய இடம் இதுதான். சக பொறியாளர்கள் நிரலைச் சரிபார்த்தார்கள். ஒத்திகைச் சூழலில் ஓட்டிப் பார்த்தார்கள். வாடிக்கையாளர் தளங்களிலும் முதலில் 30இல் மட்டுமே ஓட்டினார்கள். ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. ஆனால் அந்த 30க்கான எண்கள், குழப்பம் நேர்வதற்கு முன்பே எடுத்த சரியான எண்கள். அடுத்து வந்த 883 வேறு பட்டியல். நிரலைப் பார்த்த கண்கள் பட்டியலைப் பார்க்கவில்லை. 'சிறிதாகத் தொடங்கு, பிறகு விரிவாக்கு' என்பது நல்ல விதிதான். ஆனால் சிறிதாக ஓட்டியதும் பெரிதாக ஓட்டியதும் ஒரே பொருளாக இருந்தால்தான் அது காப்பாற்றும்.

கண்காணிப்புக் கருவிகளும் எச்சரிக்கவில்லை. முறையான வழியில் வந்த அழிப்பு ஆணை அவற்றுக்குப் பிழையாகத் தெரியவில்லை. 1:16க்கு ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய புகார்தான் முதல் தகவல். நிரல் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. தளத்தோடு தொடர்பு விவரங்களும் அழிந்துபோனதால், பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பதே தனி வேலையானது. புகார் பதியத் தள முகவரி தேவை. பலருக்கு அந்த முகவரியே செல்லாததாகிவிட்டது.

பேக்கப் இல்லையா? இருந்தது. கிளவுட் மென்பொருள் அடுக்குமாடிக் கட்டடம் போன்றது. ஒவ்வொருவருக்கும் தனி வீடு. ஆனால் தண்ணீர்த் தொட்டி, மின்கம்பி, மாடிப்படி எல்லாம் பொது. ஒரு வீட்டை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர அவர்களிடம் வழி இருந்தது. கட்டடம் முழுவதையும் பின்னோக்கித் திருப்பவும் வழி இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால், எந்தத் தவறும் நேராத மற்ற வாடிக்கையாளர்களின் புதிய தரவு அழியும். இங்கும் அங்குமாகச் சிதறிய நூற்றுக்கணக்கான வீடுகளை மட்டும் ஒரே நேரத்தில் மீட்டெடுப்பதற்குத் தயாரான வழி எதுவும் இல்லை. தொகுதி தொகுதியாக, தொடக்கத்தில் பெரும்பாலும் கையால் செய்தார்கள். ஏப்ரல் 8இல்தான் முதல் சிலருக்குத் தளம் திரும்பியது. கடைசித் தளம் ஏப்ரல் 18இல். இதில் ஒரு நிம்மதி: பெரும்பாலோருக்குப் போனது, அழிப்புக்கு முந்தைய 5 நிமிடத் தரவு மட்டுமே.

புதுப்பிப்பைத் திட்டமிடுவது என்றால் நேரம் குறிப்பது என்றே பலர் நினைக்கிறோம். அதுவும் எளிதல்ல. சென்னையில் ஞாயிறு அதிகாலை 2 மணி என்றால், கோடைகால நியூயார்க்கில் சனி மாலை 4:30. உலகம் முழுவதும் ஓடும் மென்பொருளுக்கு ஊரடங்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. 99.9 சதவீத நேரம் சேவை இருக்கும் என்று வாக்குக் கொடுத்தால், மாதத்துக்குச் சுமார் 43 நிமிடம்தான் நிறுத்தலாம். அதனால்தான் இன்று சர்வர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுப்பிக்கிறார்கள். மற்றவை வேலையைத் தாங்கிக்கொள்ளும்.

ஆனாலும் திட்டத்தின் எடை போகும் வழியில் இல்லை, திரும்பும் வழியில் இருக்கிறது என்பது என் துணிபு. அட்லாசியன் பிறகு ஏற்றுக்கொண்ட முதல் பாடமும் அதுவே: எதையும் உடனே நிரந்தரமாக அழிப்பதில்லை. அழித்ததாகக் குறித்துவிட்டு, சில காலம் மீட்கக்கூடிய நிலையில் வைத்திருப்பது.

இந்தச் சனிக்கிழமை இரவு ரிலீஸுக்கு உட்காரப்போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ரோல்பேக் வழி இருக்கிறது என்று ஆவணத்தில் எழுதியதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒருமுறை உண்மையிலேயே திரும்பி வந்து பாருங்கள். ஒரு தளத்துக்கும், ஐநூறு தளத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளந்து, அந்த எண்ணையும் திட்டத்தில் எழுதுங்கள்.