வெளியேறும் வேளையில் வளர்ப்பு விலங்குகள்

பேரிடர்க் காலத்தில் வளர்ப்பு விலங்குகளைக் காப்பது அவற்றை வளர்ப்போரின் சொந்தப் பாடு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2005 ஆகஸ்டு 29 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைத் தாக்கிய கத்ரீனா புயல் அந்தக் கருத்தை மாற்றியது. மீட்புப் பேருந்துகள் பலவற்றிலும் முகாம்கள் பலவற்றிலும் விலங்குகளுக்கு இடம் மறுக்கப்பட்டதால், அவற்றை விட்டுப் பிரிய மனமில்லாத மக்கள் பலர் வெள்ளம் சூழ்ந்த வீடுகளிலேயே தங்கிவிட்டனர். மீட்புப் பணியும் அதனால் கடினமாயிற்று. மாநில, உள்ளாட்சி அமைப்புகள் வகுக்கும் பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளுக்கும் இடமிருக்க வேண்டும் என்ற சட்டம் 2006 அக்டோபரில் அங்கு நடைமுறைக்கு வந்தது.

ஜப்பானின் அனுபவமும் இத்தகையதே. 2011 மார்ச்சில் நேர்ந்த ஃபுகுஷிமா அணுஉலை விபத்தின்போது, ஓரிரு நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பி நாய், பூனைகளை வீட்டில் விட்டுச் சென்றவர்கள், 20 கிலோமீட்டர் தொலைவுக்குட்பட்ட பகுதி தடை செய்யப்பட்டதால் திரும்ப இயலாமற் போயினர். விலங்கையும் உடன் அழைத்துக்கொண்டே வெளியேறுவதை நெறியாகக் கொண்ட வழிகாட்டியை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2013இல் வெளியிட்டது. முகாம்வரை சேர்ந்து செல்வதையே அந்நெறி குறிக்கிறது. முகாமுக்குள் ஒரே அறையில் தங்குவதற்கு அது உறுதியளிப்பதில்லை என்பதால், கூண்டுக்குள் அமைதியாக இருக்கப் பழகிய விலங்குக்கே அங்கு இடம் கிடைப்பது எளிது.

2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னை போன்ற நகரங்களில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே இந்தப் பழக்கத்தைத் தொடங்குவது நல்லது. கூண்டைத் திறந்தபடி வீட்டில் வைத்து, அதற்குள்ளேயே உணவிட்டு வந்தால், அச்சம் வந்ததும் கட்டிலடியில் பதுங்கும் பூனைகூட அதைத் தன் இடமாக ஏற்றுக்கொள்ளும். ரேபீஸ் எனப்படும் வெறிநோய்க்கான தடுப்பூசியோடு, தேங்கிய வெள்ளநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியையும் நாய்க்கு உரிய காலத்தில் போட்டு, அதற்கான சான்றை நீர் புகாத உறையில் வைத்திருக்க வேண்டும். தொலைபேசி எண் பொறித்த கழுத்துப்பட்டை கழன்றுவிடக்கூடும் என்பதால், தோலுக்கடியில் செலுத்தப்படும் அரிசி அளவிலான மைக்ரோசிப் கூடுதல் பாதுகாப்பாகும். ஆனால் அதில் இருப்பது ஓர் அடையாள எண் மட்டுமே என்பதால், பதிவேட்டில் உரிமையாளரின் தொலைபேசி எண் திருத்தப்படாமல் இருந்தால் அதனால் பயனில்லை.

அவசரப் பையில் ஒரு வாரத்துக்கான உணவும் மருந்தும், விலங்கும் உரிமையாளரும் சேர்ந்திருக்கும் புகைப்படமும் இருப்பது நலம். நாயின் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லிலிட்டர் தண்ணீர் தேவைப்படும் என்பதால், 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் கணக்கிட வேண்டும்.

அழைத்துச் செல்ல வழியே இல்லாத நிலையிலும் விலங்கைச் சங்கிலியில் கட்டி விட்டுச் செல்லலாகாது; கட்டவிழ்த்து, உணவும் நீரும் வைத்து, மாடி போன்ற உயரமான இடத்தில் விட்டு, உள்ளே விலங்கு இருப்பதை வாசலில் எழுதி ஒட்டினால், மீட்புக் குழுவினர் அதைத் தேடி வருவதற்கு வழியுண்டு. எனினும் அது கடைசி வழியே; விலங்குக்கும் இடமளிக்கும் உறவினர் வீட்டையோ விடுதியையோ முன்கூட்டியே பேசி வைத்திருக்கும் குடும்பம், வெளியேறும் அறிவிப்பு வந்ததும் தயங்கி நிற்பதில்லை.