ஒற்றை விரலுக்குத் திரும்பும் ஸ்டீயரிங்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் தொளி உழவு ஓட்டும் டிராக்டர்காரரிடம் பவர் ஸ்டீயரிங் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு குறையும் சொல்லமாட்டார். கேஜ் வீல் மாட்டிய வண்டியைச் சேற்றில் இறக்கி, வரப்போரம் வந்து வந்து திருப்புவதற்குள் பழைய ஸ்டீயரிங் தோள்பட்டையைக் கழற்றிவிடும். முன்சக்கரம் ஏதாவது கட்டியில் ஏறினால் வளையம் கையைத் தட்டிவிட்டுத் தானாகச் சுழலும். இன்றைய டிராக்டர்கள் பலவற்றில் வளையத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டே கிடையாது, எண்ணெய்க் குழாய்கள்தாம். சக்கரம் படும் பாடு கைக்கு வராது, வரவும் வேண்டாம்.

அதே இலகு ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தால் ஓட்டுகிறவர் முகம் சுளிப்பார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்துப்பேட்டை நோக்கி வேகமாகப் போகிறவருக்கு, முன்டயர் சாலையை எவ்வளவு பிடித்திருக்கிறது என்ற சேதி கைவழியாக வந்தாக வேண்டும். அறுவடை முடிந்ததும் பாதிச் சாலையில் நெல்லைக் காயப்போடுகிற ஊர் இது. நெல்மணிமேல் ஏறிய டயர் பிடிப்பை இழப்பது கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியலாம், ஸ்டீயரிங் விட்டால்.

எண்ணெயில் இயங்கும் பவர் ஸ்டீயரிங்கின் உயிர் ஒரு மெல்லிய எஃகுக் கம்பியில் இருக்கிறது. டார்ஷன் பார் என்பார்கள். நீங்கள் பிடிக்கும் வளையத்தின் தண்டு இந்தக் கம்பியின் மேல்முனையில் முடிகிறது. கீழ்முனையில்தான் சக்கரங்களைத் திருப்பும் பல்சக்கரம். வளையத்தைத் திருப்பினால் டயர் முரண்டு பிடிக்கும், கம்பி சில பாகை முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலில், கம்பியைச் சுற்றியுள்ள வால்வில் ஒரு பக்கத்துத் துளைகள் திறந்து மறுபக்கத்துத் துளைகள் அடைபடும். எஞ்சின் ஓட்டும் பம்பிலிருந்து வரும் எண்ணெய், பல்சக்கரம் நகர்த்தும் பல்தண்டான ரேக்கின் ஒரு பக்கம் பாய்ந்து தள்ளும். கை நேராக இருந்தால் எண்ணெய் சும்மா சுற்றித் தொட்டிக்குத் திரும்பிவிடும். கம்பி மெல்லியதாக இருந்தால் கொஞ்சம் தொட்டாலே முறுக்கும், உதவி பாய்ந்து வரும், ஸ்டீயரிங் பஞ்சாக இருக்கும். அதாவது இலகு என்பது பெரும்பாலும் பழுதல்ல. தொழிற்சாலையில் முடிவு செய்து வைத்தது.

அந்த முடிவுக்கு வயது அதிகம். பியர்ஸ்-ஆரோ லாரி நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபிரான்சிஸ் டேவிஸ் 1920களில் பவர் ஸ்டீயரிங்கை உருவாக்கிக் காட்டினார். ஆனால் விற்பனைக் காரில் வந்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில். கப்பல்போன்ற அமெரிக்கக் கார்களை ஒரே விரலால் திருப்பலாம் என்பதே அப்போது பெருமை. வேகம் கூடக்கூட உதவி குறைய வேண்டும் என்ற யோசனையை 1970இல் சிட்ரோயன் எஸ்.எம். கார் காட்டியது. 1988இல் சுஸுகி தன் செர்வோ காரில் பம்பையே தூக்கிவிட்டு மின்மோட்டாரை வைத்தது. அதே வழி பின்னாளில் மாருதி மூலம் நம் தெருக்களுக்கும் வந்தது. சென்னையில் 1929இல் தொடங்கிய ரானே குழுமம் ஸ்டீயரிங் பாகங்கள் செய்கிற நிறுவனம் என்பதால் தமிழ்நாட்டுக்கு இந்தத் தொழில் அந்நியமும் அல்ல.

பந்தயக்காரர்கள் கதை வேறு. பார்முலா 2 கார்களில் இன்றும் பவர் ஸ்டீயரிங் இல்லை. சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரான ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். 1990இல் வந்தபோது ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு மின் ஸ்டீயரிங் கொடுத்தார்கள். கையால் கியர் மாற்றும் வண்டிக்குக் கொடுக்கவில்லை. யாருக்கு எது வேண்டும் என்று அவர்கள் போட்ட கணக்கு அதிலேயே தெரிகிறது.

சரி, வாங்கிய கார் பஞ்சாக இருக்கிறது, என்ன செய்வது? பம்பைத் தொடுமுன் டயரைப் பார்க்க வேண்டும். நீண்ட பயணம் என்று சொல்லிக் கடைக்காரர் காற்றை ஏற்றிவிட்டால் டயர் தரையில் பதியும் இடம் சுருங்கும், ஸ்டீயரிங் இலகுவாகும். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். அடுத்தது வீல் அலைன்மென்ட், அதிலும் கேஸ்டர். கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு அதன் முன்ஃபோர்க் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். காரின் முன்சக்கரம் திரும்பும் அச்சுக்கும் அப்படியொரு சாய்வு உண்டு, அதுதான் கேஸ்டர். அதைச் சற்றுக் கூட்டினால் ஸ்டீயரிங் கனக்கும், வளைவு முடிந்ததும் தானே நடுவுக்கு வரும். எல்லாக் காரிலும் இதை மாற்ற வசதி இருக்காது. இருக்கிற காரில் இதைவிட நல்ல வைத்தியம் இல்லை என்பேன்.

பிறகுதான் பம்பு. இங்கே ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. எண்ணெயின் உச்ச அழுத்தத்தைக் குறைத்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும் என்று நினைப்பார்கள். உச்ச அழுத்தம் தேவைப்படுவது பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்தி முழுதாக ஒடிக்கும்போதுதான். நெடுஞ்சாலையில் பம்பு அதன் அருகில்கூடப் போகாது. அதனால் அந்த மாற்றம் பார்க்கிங்கில் மட்டும் கஷ்டம் கொடுக்கும். மாற்ற வேண்டியது பாயும் அளவு. பம்பின் வாயில் உள்ள துளையைச் சிறிதாக்கினால் எண்ணெய் குறைவாகப் பாயும், எல்லா வேகத்திலும் உதவி குறையும். அதற்கும் எல்லை உண்டு. ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடி, நீங்கள் சட்டென்று வளையத்தை வெட்டும்போது ரேக் நகரும் வேகத்துக்கு எண்ணெய் வந்து சேராவிட்டால், பாதி வழியில் ஸ்டீயரிங் கல்லாக இறுகும். சிறுகச் சிறுகக் குறைத்து, காலி மைதானத்தில் வேகமாக ஒடித்துப் பார்க்காமல் ரோட்டுக்கு வரக்கூடாது.

பெல்ட்டைக் கழற்றிவிடு, ஃபியூஸைப் பிடுங்கிவிடு என்று சொல்கிறவர்களும் உண்டு. கேட்காதீர்கள். உதவியை நம்பியே அந்தப் பல்சக்கரக் கணக்கு போடப்பட்டிருக்கிறது. உதவி போனால் உள்ளே கிடக்கும் எண்ணெயையும் மோட்டாரையும் நீங்களே சுமந்து திருப்ப வேண்டும். சிறிய வளையம் மாட்டினால் கனம் கூடும் என்பது உண்மைதான். கூடவே ஏர்பேக் போய்விடும்.

கனம் வேறு, சேதி வேறு. மின் ஸ்டீயரிங்கில் ‘ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் மோட்டார் தன் உதவியைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவே. வளையம் இறுகும், சாலையைப் பற்றி முன்பு சொல்லாத எதையும் இப்போதும் சொல்லாது. 2011இல் போர்ஷே 911 மின் ஸ்டீயரிங்குக்கு மாறியபோது ரசிகர்கள் முணுமுணுத்ததும் கனத்துக்காக அல்ல, காணாமல்போன அந்த மெல்லிய அதிர்வுக்காக.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: இலகு வேறு, ஆட்டம் வேறு. வளையத்தைச் சற்று அசைத்தும் சக்கரம் அசையவில்லை என்றால் அது டை ராட் எண்டோ பால் ஜாயிண்ட்டோ தேய்ந்த கதை. மத்திய மோட்டார் வாகன விதி 98, இந்த வெற்றாட்டம் வளையத்தில் 30 பாகையைத் தாண்டக்கூடாது என்கிறது. ஸ்போர்ட்ஸ் காருக்கு அதில் சிறு பங்கே அதிகம். ஆட்டமுள்ள வண்டியில் எண்ணெயைக் குறைத்துக் கனமாக்கினால் நோய் மறையும், தீராது.

மின் ஸ்டீயரிங் உள்ள காரில் அலைன்மென்ட் செய்தால், ஸ்டீயரிங் கோண சென்சாரையும் நேராக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். பல கடைகளில் சக்கரத்தை நேராக்கிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.