கோப்பையில் பெயர் பொறித்த அறிவியல் ஆசிரியர்

மதிய இடைவேளையில் எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் கைப்பேசியில் ஒரு கோப்பையின் படத்தைக் காட்டினார். வெள்ளியாலான முட்டை வடிவப் பந்து ஒன்று பீடத்தின் மேல் சாய்ந்து நின்றது. “இது அமெரிக்காவோட சூப்பர் பவுல் கோப்பை சார். இதுக்கு யார் பேரு வச்சிருக்காங்க தெரியுமா? உங்களை மாதிரி ஒரு சயின்ஸ் வாத்தியார் பேரு” என்றார்.

நியூஜெர்சியில் ஒரு பள்ளியில் எட்டு ஆண்டுகள் இயற்பியல், வேதியியல், லத்தீன் பாடங்களை நடத்திய வின்ஸ் லொம்பார்டியைப் பற்றி அன்றிலிருந்து தேடிப் படித்தேன். அவர் வென்ற கோப்பைகளைவிட, ஒரு வீரர் அவருடைய அறைக்குள் வந்து பேசிய சில நிமிடங்கள்தான் என்னை உறங்கவிடவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பள்ளியிலிருந்து மைதானத்துக்கு

1913-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர் லொம்பார்டி. தந்தை இறைச்சி வியாபாரி. கல்லூரிக் காலத்தில் நல்ல ஆட்டக்காரர். 1939-இல் எங்கில்வுட் நகரின் புனித செசிலியா உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் பாடம், மாலையில் கால்பந்து, கூடைப்பந்துப் பயிற்சி. மெதுவாகக் கற்கும் மாணவருக்கும் விளங்கும்வரை அடுத்த பாடத்துக்குப் போகமாட்டார் என்பதுதான் அவரைப் பற்றி நிலைத்துவிட்ட பேச்சு.

பிறகு கல்லூரி அணி, ராணுவக் கல்லூரி அணி, நியூயார்க் ஜயன்ட்ஸ் என்று துணைப் பயிற்சியாளராகவே ஆண்டுகள் ஓடின. தொழில்முறை அணி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளராகும் வாய்ப்பு 1959-இல், 45 வயதில்தான் கிடைத்தது. அதுவும் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற சிறுநகர அணி. முந்தைய ஆண்டில் அந்த அணி ஆடிய 12 ஆட்டங்களில் வென்றது ஒன்று, சமன் ஒன்று, மற்ற பத்தும் தோல்வி.

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், கையால் எறியலாம். அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் பந்தைப் பத்து கெஜமாவது முன்னே கொண்டுசெல்ல வேண்டும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக்.

ஒரே பாடம், முழுமையாக

மற்ற அணிகள் ஏராளமான ஆட்ட உத்திகளை வைத்திருந்தன. லொம்பார்டி உத்திகளைக் குறைத்தார். அவருடைய அடிப்படைப் பாடம் ‘பவர் ஸ்வீப்’ என்ற ஒற்றை உத்தி. பந்தை ஏந்தியவர் களத்தின் ஓரமாக ஓடுவார். இரண்டு தடுப்பாளர்கள் அவருக்கு முன்னே ஓடி வழி திறப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் 11 பேரில் ஒவ்வொருவரும் எங்கே கால் வைக்க வேண்டும், ஏன் அங்கே வைக்க வேண்டும் என்பதைக் கரும்பலகையில் விளக்கி, களத்தில் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். அடிப்படை ஊறிய பிறகு, எந்த இடைவெளியில் நுழைவது என்ற முடிவை ஓடுபவரிடமே விட்டார்.

பின்னாளில் பெரும் பயிற்சியாளரான ஜான் மேடன், இளைஞராக இருந்தபோது இந்த ஓர் உத்தியைப் பற்றி லொம்பார்டி எட்டு மணி நேரம் வகுப்பெடுத்ததைக் கேட்டவர். எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு போனவர், தனக்கு ஒன்றும் தெரியாது என்று உணர்ந்து திரும்பியதாகச் சொல்லியிருக்கிறார்.

1960-இன் இறுதி ஆட்டத்தில் பேக்கர்ஸ் தோற்றது. அடுத்த ஆண்டுப் பயிற்சி முகாமின் முதல் நாளில் லொம்பார்டி பந்தைக் கையில் தூக்கிக் காட்டி, இதுதான் பந்து என்று தொடங்கினாராம். எதிரே இருந்தவர்கள் தொழில்முறை வீரர்கள்! அந்த ஆண்டின் இறுதி ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் அணியை 37-0 என வென்றார்கள்.

திட்டும் தட்டிக்கொடுத்தலும்

லொம்பார்டி சாந்தமானவர் அல்லர். அவர் கத்துவது மைதானம் முழுக்கக் கேட்கும். ஜெர்ரி கிரேமர் என்ற தடுப்பாளர் பயிற்சியில் தவறு செய்தபோது, மழலை வகுப்புக் குழந்தைக்குள்ள கவனம்கூட உனக்கில்லையே என்று எல்லார் முன்னும் சாடினார். ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்ற எண்ணத்துடன் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தார் கிரேமர். அங்கே வந்த லொம்பார்டி அவர் தலைமுடியைக் கலைத்து, ஒருநாள் நீதான் இந்த ஆட்டத்தின் மிகச்சிறந்த தடுப்பாளனாக இருப்பாய் என்றார். அந்த ஒரு சொல்தான் தன்னை மாற்றியது என்று கிரேமர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

எல்லாருக்கும் அதே மருந்து செல்லுமா? பார்ட் ஸ்டார் என்ற குவாட்டர்பேக் அதிகம் பேசாதவர். 1956-இல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 200-ஆவதாக வந்த பெயர் அவருடையது. அவர் எறிந்த பந்து ஒருநாள் பயிற்சியில் எதிர்ப்பக்கம் போய்விட, லொம்பார்டி அனைவர் முன்னிலையிலும் பொரிந்து தள்ளினார். பயிற்சி முடிந்ததும் ஸ்டார் அவருடைய அறைக்குப் போனார். திட்டு வாங்க எனக்குத் தயக்கமில்லை. ஆனால் நான் இந்த அணியை வழிநடத்த வேண்டுமென்றால், அணியின் முன்னால் வேண்டாம், இந்த அறைக்குள் திட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

லொம்பார்டி ஏற்றுக்கொண்டார். அதன்பின் ஒருமுறைகூட அணியின் முன் தன்னை அவர் திட்டவில்லை என்கிறார் ஸ்டார்.

மைனஸ் 25 டிகிரியில்

1967 டிசம்பர் 31. கிரீன் பேயில் குளிர் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். டல்லஸ் அணியுடன் இறுதி ஆட்டம். களம் பனிக்கட்டியாக உறைந்திருந்தது. ஆட்டம் முடிய 16 விநாடிகள். மூன்று புள்ளிகள் பின்தங்கிய பேக்கர்ஸ், எல்லைக்கோட்டுக்கு ஒரு கெஜத்துக்கும் குறைவான தூரத்தில் நின்றது. பந்தை உதைத்துச் சமன் செய்ய முயலலாம், துணிந்தால் வெல்லலாம்.

ஸ்டார் ஓரத்துக்கு ஓடிவந்து, மற்றவர்களுக்குக் கால் வழுக்குகிறது, பந்தை நானே எடுத்துப் போகிறேன் என்றார். அப்படியே செய், முடித்துவிட்டுக் கிளம்புவோம் என்றார் லொம்பார்டி. கிரேமரும் இன்னொரு தடுப்பாளரும் திறந்த இடைவெளியில் ஸ்டார் பாய்ந்தார். 21-17 என வெற்றி. ஒருகாலத்தில் வாய் திறக்கத் தயங்கியவர் சொன்ன யோசனை, அவரை நம்பிய பயிற்சியாளர், தலைகோதப்பட்ட தடுப்பாளர் என மூவரும் அந்த விநாடியில் ஒன்றாக இருந்தார்கள்.

ஏழு ஆண்டுகளில் ஐந்தாவது பட்டம் அது. 1969-இல் வாஷிங்டன் அணிக்குச் சென்ற லொம்பார்டி, 1970 செப்டம்பரில் 57 வயதில் புற்றுநோயால் இறந்தார். அதன்பின் சூப்பர் பவுல் கோப்பை அவர் பெயரைத் தாங்கியது.

என் வகுப்பறைக் கதவு

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில், சமன்பாடு ஒன்றைப் பலகையில் தவறாக எழுதிய மாணவனை வகுப்பே சிரிக்கும்படி பேசிவிட்டேன். அன்றிலிருந்து அவன் பலகைப் பக்கம் வரவில்லை. வீட்டுப்பாடம் சரியாக இருக்கும். கேள்வி கேட்டால் எழுந்து தலைகுனிந்து நிற்பான். நானும் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பார்ட் ஸ்டார் கதவைத் தட்டியபோது அவர் வளர்ந்த மனிதர். பதினான்கு வயதுப் பையன் ஆசிரியர் அறைக் கதவைத் தட்டி, “எல்லார் முன்னாடியும் திட்டாதீங்க சார்” என்று சொல்வானா? சொல்லமாட்டான். அப்படியென்றால் போக வேண்டியது நான்தான்.

மாலையில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவனிடம் பேசினேன். அன்று நான் பேசியது தவறு என்றேன். “பரவாயில்ல சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் வகுப்பில் நடந்ததைச் சொல்லி எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தேன். திட்டியது அங்கேதானே!

அவன் இன்னும் பலகைக்கு வரவில்லை. ஆனால் போன வாரம் வகுப்பு முடிந்ததும் நோட்டோடு வந்து, “இந்தச் சமன்பாடு எப்படி சார் சமமாகும்?” என்று கேட்டான். உட்கார வைத்து முதலிலிருந்து தொடங்கினேன்.