பச்சான் தீவின் பொற்சிறகு

இந்தோனேசியாவின் வடக்கு மலுக்குப் பகுதியில், ஹல்மஹெரா தீவுக்குத் தென்மேற்கே உள்ள பச்சான் தீவின் காடுகளில் வாழும் ‘ஆர்னித்தாப்டெரா குரோசஸ்’ என்னும் வண்ணத்துப்பூச்சியின் ஆணையும் பெண்ணையும் அருகருகே வைத்தால், அவை ஒரே இனத்தவை என்று நம்புவது கடினம். பெயரின் முற்பகுதிக்குக் கிரேக்க மொழியில் ‘பறவைச் சிறகு’ என்று பொருள். பிற்பகுதி, செல்வத்துக்குப் பெயர்போன பண்டைய லிடியா நாட்டு அரசனைக் குறிப்பது.

சிறகு விரித்தால் ஏறத்தாழ 18 செ.மீ. அகலம் வரும் ஆணின் உடை, வெல்வெட் போன்ற கறுப்பும் தீக்கொழுந்தை ஒத்த ஆரஞ்சுமாகும். அந்த ஆரஞ்சைச் சாய்வாகப் பார்க்கும்போது அது வெளிர்மஞ்சளாகவும் பச்சையாகவும் மினுங்கும். நிறமி, அதாவது ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும் வேதிப்பொருள், தரும் நிறம் இவ்வாறு கோணத்துக்குக் கோணம் மாறுவதில்லை. சிறகின்மேல் ஓடுபோல் அடுக்கப்பட்ட செதிள்களின் நுண்ணமைப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தால் பிறக்கும் ‘கட்டமைப்பு நிறமே’ அப்படி மாறும். ஆணைவிடப் பெரியதான பெண்ணோ கரும்பழுப்புச் சிறகில் வெண்மையும் மஞ்சளுமான புள்ளிகளோடு நின்றுவிடுகிறது. காட்டு நிழலில் கொடிகளைத் தேடித் திரிந்து முட்டையிட வேண்டிய உயிருக்கு இந்த அடக்கமான நிறம் பாதுகாப்பாக அமைகிறது என்று கருத இடமுண்டு. ஆகவே அதனை அழகின் குறைவாகக் கொள்வது பொருந்தாது.

முட்டையிலிருந்து வரும் புழுக்கள் தின்பது அரிஸ்டோலோக்கியா வகைக் கொடிகளை. மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள பறவைச்சிறகு வண்ணத்துப்பூச்சியின் புழுக்களும் அதே பேரினத்தைச் சேர்ந்த ஈசுரமூலியைத்தான் உண்கின்றன. கொடியின் நச்சு புழுவின் உடலில் தங்கி, அதனைத் தின்ன வரும் பகைகளை விலக்குகிறது.

1858 அக்டோபரில் பச்சானுக்கு வந்த இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ், முதல் நாட்களிலேயே எட்டாத உயரத்து இலையொன்றில் ஆர்னித்தாப்டெரா குரோசஸின் பெண்ணைக் கண்டார். பச்சை நிற ஆண்களைக் கொண்ட உறவினங்களை முன்பே அறிந்திருந்ததால், இது புதிய இனம் என உடனே உணர்ந்தார். மரத்தலைகளுக்கு மேல் பறப்பதைப் பிடிக்க வழியின்றி ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழிந்தன. மலரின் புல்லிவட்டத்தில் ஒரு மடல் மட்டும் வெள்ளை இலைபோல் பெருத்திருக்கும் முசாண்டா புதரை இப்பூச்சி நாடி இறங்குவதைக் கண்ட பின்னரே, முதலில் ஒரு பெண்ணும் மறுநாள் ஓர் ஆணும் அவர் கைக்கு எட்டின. வலையிலிருந்து ஆணை எடுத்துச் சிறகை விரித்தபோது நெஞ்சு படபடத்து, இரத்தம் தலைக்கேறி, மயங்கும் நிலைக்கு வந்ததாகவும், அன்றைய பொழுது முழுதும் தலைவலி நீடித்ததாகவும் அவரே எழுதி வைத்துள்ளார்.