கணப்புச் சட்டியும் அடைத்த கதவும்

மார்கழி, தை மாதங்களில் வண்டிப்பெரியார் மலைச்சரிவுகளில் இறங்கும் பனியை அறியாதவர் நம்முள் எவருமிலர். பொழுது சாய்ந்ததும் லயத்தின் கதவு சாத்தப்படும். சன்னல் இடுக்குகளில் சாக்குத் துணி செருகப்படும். கவாத்து விறகின் தணலைச் சட்டியில் அள்ளிவந்து, குழந்தைகள் உறங்கும் அறையின் நடுவே வைப்பர். புகை அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று தாயும் கண்ணயர்வாள். பயப்படவேண்டிய நேரம் அப்பொழுதுதான் தொடங்குகிறது.

புகை ஒருவகையில் நமக்கு நண்பன். கண்ணைக் கரிக்கும், இருமச் செய்யும், கதவைத் திறக்கும்படி விரட்டும். சாம்பல் பூத்துச் செவ்வொளி வீசும் தணலோ அத்தகைய எச்சரிக்கை எதனையும் தருவதில்லை. கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. திறந்த வெளியில் அது காற்றோடு கலந்து போய்விடும். அடைத்த அறையில் தங்கிப் பெருகும்.

நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளே பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது. இந்நச்சுவாயு அதனைப் பற்றிக்கொள்ளும் வலிமை, பிராணவாயுவின் வலிமையைப்போல் 200 மடங்குக்கும் மேலானது. கூடை நிறையக் கல்லை இட்டுவிட்டால் கொழுந்துக்கு இடமேது? மூச்சு நடந்துகொண்டே இருக்கும். மூளையும் இதயமும் பிராணவாயுவின்றித் தவிக்கும். பிரெஞ்சு அறிஞர் குளோத் பெர்னார் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இதனை ஆராய்ந்து விளக்கினார். பிற்காலத்தில் ஹால்டேன் என்னும் பிரிட்டிஷ் அறிஞரின் யோசனைப்படி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் கானரிப் பறவையைக் கூண்டிலிட்டு உடன் கொண்டு சென்றனர். மனிதனுக்கு முன்பே அச்சிறு பறவை மயங்கி விழும். நம் லயத்து அறையில் அத்தகைய பறவை இல்லை. மிகச் சிறிய உயிர் நம் குழந்தையே.

இது எங்கோ நடக்கும் செய்தியன்று. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் குளிர்மலையில், கேரளத்திலிருந்து சுற்றுலா சென்ற இரு தம்பதியரும் அவர்தம் நான்கு குழந்தைகளும் ஒரே அறையில் உறங்கினர். குளிருக்காக வாயுச் சூடேற்றி எரிந்துகொண்டிருந்தது. எண்மரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், இறைச்சி சுட்ட அடுப்பை அறைக்குள் வைத்து உறங்கிய திருச்சி நண்பருள் இருவர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்ட வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர்; ஜெனரேட்டரின் புகை உட்புகுந்ததே காரணமென நிபுணர் கண்டனர். மின்சாரம் தடைப்படும் மழைக்காலத்தில் ஜெனரேட்டரைத் திண்ணையிலோ சன்னலருகிலோ வைப்போர் இதனைக் கருதுக.

நம் பழைய லயங்களைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒழுகும் கூரை குளிரை உள்ளே விடுவதுபோலவே காற்றையும் விட்டுவந்தது. மேலே பிளாஸ்டிக் படுதா போர்த்தி, இடுக்கெல்லாம் அடைத்தபின் குளிர் குறைந்தது, காற்றும் நின்றது. அடைத்தவரைக் குறைகூறுவது முறையன்று. வீட்டு வசதியை முதலாளியின் பொறுப்பாக்கிய தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது 1951இல். எனினும் செப்பனிடுவோர் வரும்வரை நம் பிள்ளைகள் அவ்வறையில்தான் உறங்க வேண்டும்.

ஆதலால் விழித்திருக்கும்போது, கதவும் எதிர்ச்சன்னலும் திறந்திருக்கக் குளிர் காய்க. படுக்குமுன் சட்டியை வெளியே கொண்டுபோய் நீரூற்றி அணைத்துவிடுக. சாம்பலால் மூடினால் போதாது. உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். சட்டியருகே குடம் நீர் வைத்தால் நச்சு அடங்குமென்றும் எண்ணவேண்டா. இவ்வாயு நீரில் அரிதாகவே கரையும். கம்பளியும், துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியும் இரவுக்குப் போதும். கோவைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் சென்ற பிள்ளைகளுக்கு எழுதும்போது, குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கலாகாது என்பதையும் சேர்த்து எழுதுக. சமையல் வாயு கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். அது குறையாக எரிந்து உண்டாகும் இந்நச்சுக்கு அந்த நாற்றமும் இல்லை.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி: இவையே முதற்குறிகள். காய்ச்சலென்றோ உணவுக் கோளாறென்றோ மயங்க இடமுண்டு. வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒருங்கே தோன்றி, வெளியே வந்தால் தணியுமாயின் ஐயம் வேண்டா. உறங்குவோருக்கோ இக்குறிகளும் தெரிவதில்லை.

அவ்வாறு எவரேனும் கிடப்பக் கண்டால், கதவுகளைத் திறந்து, அவரை விரைந்து வெளிக்காற்றுக்கு இழுத்து வருக. உள்ளே தாமதிப்பவரும் வீழ்வர். உடனே 108க்குச் சொல்லுக. கர்ப்பிணிகள் நலமாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் செல்லவேண்டும். கருவிலுள்ள சிசுவுக்கு ஆபத்து மிகுதி. வெறுங்காற்றில் இரத்தத்து நச்சுப் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். தூய பிராணவாயு செலுத்தினால் ஒன்றரை மணி நேரம் அளவில் குறையும். விரலில் மாட்டும் கருவி இந்நச்சையும் பிராணவாயுவாகவே கணக்கிட்டு நல்ல எண்ணைக் காட்டிவிடக்கூடும். ஆகவே, "அறையில் தணல் இருந்தது" என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுக. இரத்தத்தைச் சோதிக்க வேண்டுமென்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும்.