ஓய்வு யாருக்கு உரியது? தமிழ்த் திரையில் முதுமையும் தலித் முதியோரும்

அதிகாலையில் வேப்பம்பட்டு ரயில் நிலைய நடைமேடையில் சிறிது நேரம் நின்றாலே, முதுமை குறித்து நம் திரைப்படங்கள் பேசாமல் விட்ட ஒன்று புலப்படும். சென்னை செல்லும் மின்ரயிலுக்குக் காத்திருப்போரில் அறுபதைக் கடந்தவர்களும் இருக்கின்றனர். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெருக்கித் துடைக்கச் செல்லும் பெண்கள், சோற்றுத் தூக்கைக் கையிலேந்தி உடலுக்குப் பொருந்தாத காவலாளிச் சீருடையில் நிற்கும் ஆண்கள். எதிர்த்திசை ரயிலில் இரவுப்பணி முடித்தவர்கள் வந்து இறங்குகின்றனர். சுற்றியுள்ள காலனிகளிலிருந்து வரும் இவர்களுள் பெரும்பாலோர் பிள்ளைகளோடுதான் வாழ்கின்றனர். இவர்களை வீடு கைவிடவில்லை, வேலைதான் விடவில்லை.

தமிழ்த் திரையில் முதுமைக் கதை என்றாலே அது பெரும்பாலும் கைவிடப்படுதலின் கதையாகவே இருந்துவருகிறது. 2017-இல் வெளிவந்த ‘பவர் பாண்டி’யில் ராஜ்கிரண் ஏற்ற பாத்திரம், மகனின் வீட்டில் மனம் ஒட்டாமல் இளமைக்காலக் காதலைத் தேடி மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறது. அந்தத் தனிமை பொய்யானதன்று. ஆனால் அதை உணர்வதற்கே ஒரு வீடும், வருவாயுள்ள மகனும், வேலைக்குப் போக வேண்டாத பகற்பொழுதும் தேவை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் இதே அடித்தளத்தில்தான் நிற்கிறது. பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாமல் பராமரிப்புத் தொகை பெற அது வழிசெய்கிறது. பிள்ளையே தினக்கூலி என்றால் அச்சட்டத்தால் என்ன பயன்?

இந்த இடத்தில்தான் பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ படத்தை வேறு வகையில் வாசிக்க வேண்டும் என்கிறோம். 2018-ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படமெனத் தேசிய விருது பெற்ற இப்படம், தலைக்கூத்தல் என்னும் முதியோர் கொலை வழக்கத்தைப் பற்றியது என்றே அறியப்படுகிறது. அதில் வரும் கருப்பசாமி ஓர் இரவுக் காவலாளி என்பது போதிய கவனம் பெறவில்லை. முதிய வயதிலும் உழைத்து, தங்கை குடும்பத்தோடு மதிப்பாக வாழும் மனிதர் அவர். விபத்தில் இடுப்பு முறிந்து வேலை நின்ற நொடியிலிருந்துதான் அவர் ‘பாரம்’ ஆகிறார். மகன் அவரைச் சிகிச்சையிலிருந்து விலக்கிக் கிராமத்துக்குக் கொண்டு செல்கிறார். அந்த மகனை வெறும் கொடியவனாகக் கண்டு வீடு திரும்பும் பார்வையாளர், படத்தின் பாதியைத் தவறவிட்டவராவார். கூலி நாள்களால் ஓடும் வீட்டில் படுக்கையில் கிடக்கும் ஒருவர், அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரின் கூலியையும் நிறுத்துகிறார். கொலையை இது ஒருபோதும் நியாயப்படுத்தாது. ஆனால் கொலை நிகழும் நிலத்தை இதுவே காட்டுகிறது.

நிலம் என்றதும் மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2022) நினைவுக்கு வருகிறது. படம் வெளிவருமுன்பே மறைந்த நல்லாண்டி, மாயாண்டியாக அதில் வாழ்ந்திருக்கிறார். செத்த மயில்களைப் புதைத்ததற்காக அவரைச் சிறையில் அடைக்கிறார்கள். அவர் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச ஒரு காவலர் அனுப்பப்படுகிறார். மிக நேர்த்தியான படம் அது. எனினும் மாயாண்டியின் முதுமைக்கு வாய்த்த கம்பீரம் அவருக்குச் சொந்தமான வயலிலிருந்து பிறக்கிறது. வேப்பம்பட்டு உள்ளிட்ட இன்றைய திருவள்ளூர் மாவட்டம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. அம்மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையே, அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை பிறக்கக் காரணமாயிற்று. அந்த நிலங்களில் பெரும்பகுதி எவர் கைகளுக்குப் போயிற்று என்பதை நம் வாசகர் அறிவர். நிலம் பறிபோனவரின் பேரன், இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வாயிலில் வேறொருவரின் நிலத்தைக் காத்து நிற்கிறார். லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) இதைத்தான் தன் இறுதிக் காட்சியாக்கியது: ரங்கசாமி, தான் இழந்த நிலத்தில் எழுந்த காற்றாலைக்கே காவலாளியாகிறார்.

தலித் முதுமை, ‘முதியோர் படம்’ என்று எவரும் வகைப்படுத்தாத படங்களில்தான் தென்படுகிறது. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் பரியனின் தந்தை, பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞர். கல்லூரி வாசலில் அவருடைய வேட்டியை உருவி ஓடவிடும் காட்சியில், வயது எந்தப் பாதுகாப்பையும் தராது என்பது அம்மணமாகத் தெரிகிறது. ‘பெரியவர்களை மதிக்கும் பண்பாடு’ என்று நாம் பெருமையோடு சொல்வதன் எல்லை, சாதிக் கோட்டோடு முடிந்துவிடுகிறது. அப்பாத்திரத்தை ஏற்ற நெல்லை தங்கராஜ் உண்மையிலேயே கூத்துக் கலைஞர். அவர் வறுமையில் வாடிய செய்தி வெளியான பின்னரே உதவிகள் வந்தன, 2023-இல் மறைந்தார். ‘விட்னஸ்’ (2022) படத்தில் ரோகிணி ஏற்ற தூய்மைப் பணியாளர் இந்திராணியோ, மகனை மலக்குழிக்குப் பலிகொடுத்து நீதிமன்றப் படியேறுகிறார். பிள்ளை தன்னைக் காப்பானா என்ற கேள்வி அவருக்கு வாய்க்கவே இல்லை.

முதுமையை எட்டுவதே இங்கே சமமானதன்று. 2018-இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது 39.5, உயர்த்தப்பட்ட சாதிப் பெண்களுக்கு அது 54.1.

எட்டியவர்களுக்குக் கிடைப்பது என்ன? தமிழ்நாடு 1962-இல் 20 ரூபாயில் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. 2023-இல் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் எண்பது வயதுக்குட்பட்டவர்க்கு ஒன்றிய அரசு தரும் பங்கு, 2007 முதல் 200 ரூபாயிலேயே நின்றுவிட்டது. தொழிலாளர் வைப்பு நிதி சார்ந்த ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணிக்காலம் தேவை. ஒப்பந்ததாரர் மாறுந்தோறும் கணக்கும் மாறும் தொழிற்பேட்டைக் கூலிக்கு அந்தப் பத்தாண்டைத் திரட்டுவதே பெரும்பாடு.

கென் லோச் இயக்கிய ‘ஐ, டேனியல் பிளேக்’ (2016) இங்கு ஒப்புநோக்கத் தக்கது. மாரடைப்புக்குப் பின் வேலைக்குச் செல்ல இயலாத இங்கிலாந்துத் தச்சர் ஒருவர், அரசு உதவிக்கான விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பத் தெரியாமல் அலைக்கழிக்கப்படுகிறார். அவருக்குத் தடையாக நின்றது கணினித் திரை. செங்கல் சூளையிலும் சிமெண்டிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு இங்கே தடையாக நிற்பது அவர்களுடைய விரல்களே. உதவித்தொகை தர வரும் வங்கி முகவரின் கருவியில் அழுத்தும்போது, தேய்ந்துபோன ரேகை பதிவதில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்கிறார்கள். அடுத்த விரலை வைக்கச் சொல்கிறார்கள். பிறகு, நாளை வரச் சொல்கிறார்கள்.